முகத்தில் தொடங்குங்கள்: படமெடுக்க வருபவர்களுக்கு ஒரு ஸ்டுடியோக்காரனின் வழிகாட்டி

படமெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வருகிற இளைஞர்கள் முதலில் கேட்பது எந்த கேமரா வாங்கலாம் என்பதைத்தான். யாரை எடுக்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் விழிக்கிறார்கள். பறவை, மலை, கோபுரம், இலை நுனியில் மழைத்துளி என்று ஒரு பட்டியல் வருகிறது. சரி, உங்கள் அம்மாவின் நல்ல படம் ஒன்று வீட்டில் இருக்கிறதா என்றால் பெரும்பாலும் இராது. ஸ்டுடியோ நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். யாராவது இறந்துபோனால் மாலை போட்டு வைக்க ஒரு படம் கிடைக்காமல், கல்யாண குரூப் போட்டோவின் மூலையில் பாதித் தலை மறைந்து நிற்கும் முகத்தைக் காட்டி, “இதைப் பெரிதாக்கித் தர முடியுமா?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

நான் தொழில் கற்றது கும்பகோணத்தில் ஒரு சிறிய ஸ்டுடியோவில், ஃபிலிம் காலத்தின் கடைசி ஆண்டுகளில். முதலில் பாஸ்போர்ட் படம், அப்புறம் கல்யாணம், அப்புறம் எனக்கே எனக்கென்று எடுத்த படங்கள் என்று போன வழி அது. அந்த வழியை இன்றைக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றி இங்கே தருகிறேன். உங்கள் ஆசை வனவிலங்கோ இயற்கைக்காட்சியோ, எதுவானாலும் முகத்தில் தொடங்குங்கள். வெளிச்சம் சரியில்லை என்பதை மலை காட்டிக்கொடுக்காது, முகம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். தவிர, மலை குறை சொல்லாது. பெரியம்மா சொல்வார்.

முதலில் கையில் இருக்கும் போனும் வாசலும்

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். அழகுபடுத்தும் ஃபில்டரையும், பின்னணியைத் தானே மங்கலாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அவை உங்களுக்குப் பதிலாக முடிவெடுக்கும் வரை உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது.

வெயில் நேராக உள்ளே விழாத ஒரு வாசலையோ பெரிய ஜன்னலையோ தேர்ந்தெடுங்கள். திண்ணை இருக்கிற வீடு என்றால் யோகம்தான். மேலே கூரை இருப்பதால் வெயில் படாது, எதிரே தெரு முழுக்க வெளிச்சம், பின்னால் ரேழியின், அதாவது வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள நடையின் இருட்டு. பழைய வீடு கட்டியவர்கள் போட்டோக்காரனுக்கென்றே கட்டியதுபோல் இருக்கும். வீட்டில் யாரையாவது வாசலிலிருந்து ஒரு கை தூரம் உள்ளே உட்கார வையுங்கள். அறையில் எரியும் டியூப்லைட்டை அணையுங்கள். இரண்டு விதமான வெளிச்சம் முகத்தில் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறுகன்னம் மஞ்சளாகவும் வரும், அதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

போனைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். போனின் வழக்கமான லென்ஸ் அகலமானது. ஒரு முழத் தூரத்தில் பிடித்தால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். ஐந்தாறு அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு நெருக்கம் காட்டும் லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். திரையில் முகத்தின் மேல் விரல் வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

இப்போது அவரை அசையாமல் உட்காரச் சொல்லி, முகத்தை மட்டும் சிறிது சிறிதாகத் திருப்பச் சொல்லுங்கள். வாசலை நேராகப் பார்த்தால் நிழலே இராது, முகம் தட்டையாக இருக்கும். கொஞ்சம் உள்பக்கம் திரும்பினால் மூக்கின் நிழல் கன்னத்தில் இறங்கும். இன்னும் திரும்பினால் அந்த நிழலும் கன்னத்து நிழலும் சேர்ந்து, இருண்ட பக்கத்துக் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு வெளிச்ச முக்கோணம் மட்டும் மிஞ்சும். பழைய ஓவியர்களும் ஸ்டுடியோக்காரர்களும் தேடிப் பிடித்த வெளிச்சம் அதுதான். அதற்கு மேலும் திருப்பினால் பாதி முகம் இருட்டில் போய்விடும். ஒவ்வொரு நிலையிலும் கண்ணைப் பாருங்கள். கருவிழியில் வாசலின் பிரதிபலிப்பு ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிய வேண்டும். அது இல்லாத கண் படத்தில் உயிரில்லாமல் இருக்கும்.

அதே ஆளை அதே இடத்தில் காலையிலும் நடுப்பகலிலும் சாயங்காலம் நாலு மணிக்கும், மழை பெய்கிற நாளிலும் எடுங்கள். ஒரு மாதம் இந்த ஒரு வாசலைவிட்டு நகராவிட்டாலும் நஷ்டமில்லை.

தோலின் நிறமும் ஒளிமானியின் கணக்கும்

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் ஒரு மானி இருக்கிறது. எதிரே இருப்பது முகமா, சுவரா, வேட்டியா என்று அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடும். இன்றைய கருவிகள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு திருத்திக்கொள்கின்றன என்றாலும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. ஆகவே வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் தாத்தாவை எடுத்தால், கேமரா அத்தனை வெள்ளையையும் சாம்பலாக்கப் பார்க்கும், தாத்தாவின் முகம் கரியாகிவிடும். வெளிச்சத் திருத்தத்தை (கூட்டல், கழித்தல் குறியோடு இருக்கும் அளவு) கூட்டல் 1 பக்கம் தள்ளுங்கள். இருட்டான ரேழிக்கு முன்னால் ஒருவரை உட்கார வைத்தால் நேர்மாறு. கேமரா இருட்டைச் சாம்பலாக்க முயன்று முகத்தை வெளுக்கவைக்கும். அப்போது கழித்தல் 1.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். நம் ஊர் முகங்கள் அந்தக் கணக்கில் பல காலம் சேரவே இல்லை. அதோடு நம்மவர் ஆசையும் சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்றால் “கொஞ்சம் கலராக்கிக் கொடுங்கள்” என்று கூச்சமில்லாமல் கேட்பார்கள். செய்து கொடுக்காதீர்கள். வெளுக்கவைத்த முகத்தில் கண்ணும் மூக்கும் கரைந்து ஆளே வேறாகிவிடுவார். கறுத்த தோல் ஒளியைப் பளபளப்பாகத் திருப்பித் தரும். பெரிய வாசலின் மென்மையான வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்தால் கன்ன எலும்பின் மேல் ஒரு நீண்ட கோடு விழும். சிவந்த தோலில் அது அவ்வளவு எளிதில் கிடைக்காது. அந்தக் கோட்டைக் காட்டுங்கள், கேட்டவர்களே வாயடைத்துப்போவார்கள்.

பாஸ்போர்ட் படம் என்ற பள்ளிக்கூடம்

பாஸ்போர்ட் படத்தை எல்லோரும் ஏளனமாகப் பேசுகிறார்கள். நான் கற்றதில் பாதி அங்கேதான். ஸ்டுடியோவின் உள்ளறையில் ஒரு நிலைக்கண்ணாடி, நூல் கட்டிய சீப்பு, பவுடர் டப்பா, யார் தோளுக்கும் பொருந்தாத ஒரு கறுப்பு கோட்டு. வருகிறவர் கண்ணாடி முன்னால் நின்று தன்னை ஓர் அதிகாரியாக மாற்றிக்கொண்டு வந்து ஸ்டூலில் விறைப்பாக உட்காருவார். அந்த விறைப்பை இரண்டு நிமிடத்துக்குள் இறக்க வேண்டும். அதுதான் பாடம்.

நீங்களும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வெளுத்த வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் சுவரில் கட்டுங்கள். ஆளை அதிலிருந்து மூன்றடி முன்னால் உட்கார வையுங்கள். ஒட்டி உட்கார்ந்தால் தலையின் நிழல் திரையில் விழும். ஜன்னல் வெளிச்சம் முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்வாக வரட்டும், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் அட்டையை முகத்துக்கு அருகே நிறுத்துங்கள். நிழல் விழுந்த கன்னம் தெளியும். கேமரா அவருடைய கண் மட்டத்தில் இருக்க வேண்டும். இனி ஆளைக் கவனியுங்கள். தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கும். மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்லுங்கள். விடும்போது தோள் தானாக இறங்கும், அந்த நொடியில் எடுங்கள். தாடையை உயர்த்திக்கொண்டிருந்தால் மூக்குத் துவாரம் தெரியும், நெற்றியை ஒரு விரற்கடை முன்னால் கொண்டுவரச் சொன்னால் சரியாகிவிடும். மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் மின்னினால், காதில் மாட்டியிருக்கும் கம்பிகளை இம்மியளவு மேலே தூக்கிவிடுங்கள். கண்ணாடி சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து மினுக்கம் மறைந்துவிடும். விண்ணப்பத்துக்குக் கொடுக்கும் படங்களில் இப்போது பல இடங்களில் கண்ணாடியையே கழற்றச் சொல்கிறார்கள், முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான பாஸ்போர்ட் அளவு 35-க்கு 45 மி.மீ. அமெரிக்க விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரம்.

தெரிந்தவர்களில் ஒரு பத்துப் பேரை இப்படி எடுத்துப் பாருங்கள். ஒரே வெளிச்சம், ஒரே திரை, ஒரே தூரம். ஆனாலும் பத்தும் பத்து விதமாக வரும்.

படத்தைத் திருத்துவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைக் காலத்தில் எங்கள் முதலாளி நெகட்டிவை ஒரு சாய்பலகையில் வைத்து, பின்னால் விளக்கு எரியவிட்டு, ஊசிபோலச் சீவிய பென்சிலால் திருத்துவார். முகத்தில் இருக்கும் கரும்புள்ளி நெகட்டிவில் வெளிறிய புள்ளியாகத் தெரியும். அதன் மேல் பென்சிலால் மெல்லத் தொட்டுத் தொட்டு நிரப்பினால் பிரிண்டில் மறைந்துவிடும். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் ஆகும் என்பதால் தேவைக்கு மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். இன்று விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் முகம் முழுக்க மெழுகாகிவிடுகிறது. எனக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தானே போய்விடக்கூடியதை நீக்கலாம். பரு, கொசுக்கடி, சவரத்தில் பட்ட கீறல் எல்லாம் அதில் அடங்கும். மச்சமும் தழும்பும் சுருக்கமும் அந்த ஆளுக்குச் சொந்தம். அவற்றில் கை வைக்கக் கூடாது.

கேமரா வாங்கும்போது

இவ்வளவும் போனில் செய்து பார்த்து, போன் போதவில்லை என்று காரணத்தோடு சொல்ல முடிகிறபோது கேமரா வாங்குங்கள். பழைய கேமராவே போதும். மிச்சமாகும் பணத்தில் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்குங்கள் (எஃப் எண் என்றால் என்ன என்பது அடுத்த பகுதியில் வரும்). எல்லா நிறுவனத்திலும் மலிவாகக் கிடைக்கும் நல்ல லென்ஸ் அது. சிறிய சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) உள்ள கேமராவில் அது 75 முதல் 80 மி.மீ. லென்ஸ்போல் வேலை செய்யும். முகத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி.

பழைய கேமராவில் பார்க்க வேண்டியவை: ஷட்டர், அதாவது படமெடுக்கும்போது திறந்து மூடும் திரை, எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் (லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி உள்ள கேமராக்கள்) ஷட்டர் 1,00,000 முறை அடிக்கும் என்பது பொதுவான கணக்கு. லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளைவிட்ட வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் பூஞ்சை. கடற்கரை ஊர்களிலும் டெல்டாவிலும் இது சர்வ சாதாரணம். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். எஃப் 16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள், சென்சாரில் இருக்கும் தூசி கரும்புள்ளியாகத் தெரியும். தூசி பரவாயில்லை, துடைத்துவிடலாம். வாங்கி வந்ததும் தோல் பைக்குள் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், இரண்டும் சேர்ந்து நூறு இருநூறு ரூபாய்தான் ஆகும். அதைவிட முக்கியம், அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

மூன்று எண்கள்

துவாரம் என்பது லென்ஸில் வெளிச்சம் நுழையும் வழியின் அகலம், அதைத்தான் எஃப் எண்ணால் சொல்வது. ஷட்டர் வேகம் என்பது வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், வினாடிக் கணக்கில். ஐ.எஸ்.ஓ என்பது ஃபிலிமோ சென்சாரோ வெளிச்சத்தை உணரும் திறன். இந்த மூன்றையும் பற்றி ஆயிரம் வீடியோக்கள் இருக்கின்றன, நான் நீட்டப்போவதில்லை. துவாரம் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும். ஒவ்வொரு படியிலும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும். ஷட்டர் 1/60, 1/125, 1/250 என்று போகும். அதிலும் பாதி பாதியாகத்தான். ஐ.எஸ்.ஓ 100, 200, 400 என்று ஏறும்போது ஒவ்வொரு படியிலும் படம் இரு மடங்கு வெளிச்சமாகும். ஒன்றில் ஒரு படி குறைத்தால் இன்னொன்றில் ஒரு படி கூட்ட வேண்டும். மொத்தக் கணக்கே அவ்வளவுதான்.

ஃபிலிம் டப்பாவைப் பிரித்தால் அட்டையின் உட்புறத்தில் சூரியன், மேகம் என்று சிறு படங்கள் போட்டு, பக்கத்தில் எண்கள் அச்சிட்டிருப்பார்கள். ஒளிமானி இல்லாத கேமராவை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே ஊர் முழுக்கப் படமெடுத்தவர்கள் உண்டு. நல்ல வெயில் என்றால் எஃப் 16, ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ எண்ணுக்குத் தலைகீழ். அதாவது ஐ.எஸ்.ஓ 100-க்கு 1/100, கேமராவில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் 1/125 வினாடி. மேகமூட்டம் என்றால் எஃப் 8. நிழலான இடத்துக்கு எஃப் 4. ஒரு வாரம் திரையைப் பார்க்காமல் இப்படி ஊகித்து எடுங்கள். கண்ணுக்கு வெளிச்சத்தை எடைபோடத் தெரிந்துவிடும். அதன் பிறகு துவாரத்தை மட்டும் நாமே வைத்துக்கொண்டு மற்றதைக் கேமராவிடம் விட்டுவிடும் முறைக்கு வந்துவிடுங்கள். எல்லாவற்றையும் கையாலேயே வைத்தால்தான் கலைஞன் என்ற வீராப்பு வேண்டாம்.

முகத்துக்குத் தேவையான நடைமுறை எண்கள் சில. ஒருவர் மட்டும் என்றால் எஃப் 2.8. எஃப் 1.8-இல் கிட்டே போனால் இமை தெளிவாகவும் காது மங்கலாகவும் வரும். இருவர் என்றால் எஃப் 4, இரண்டு மூன்று வரிசையாக நிற்கும் குடும்பம் என்றால் எஃப் 8. ஓடுகிற குழந்தைக்கு 1/500-க்குக் குறையக் கூடாது. உட்கார்ந்திருப்பவருக்கு 1/125 போதும். இருட்டில் ஐ.எஸ்.ஓவை ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளி புள்ளியாக வந்த படத்தை யாரும் மன்னிப்பார்கள், அசைந்த படத்தை எதுவும் செய்ய முடியாது.

36 படங்கள்

ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம். கவனமாகச் சுற்றினால் ஒன்றிரண்டு கூடுதலாகக் கிடைக்கும், அதில்தான் எங்கள் சொந்தப் படங்களை எடுத்துக்கொள்வோம். கருப்பு வெள்ளை ஃபிலிம் ஊட்டியிலிருந்து வரும். 1960-இல் தொடங்கிய அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் அதை விற்றது. இப்போது அந்தத் தொழிற்சாலையும் இல்லை, ரோலும் இல்லை. பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 36 படம் என்று எல்லை வைத்துக்கொண்டு கிளம்புங்கள். எடுத்த படத்தைத் திரையில் பார்ப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான். எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் திரையைக் குனிந்து பார்த்தால், அவர் முகம் அந்த நொடியே மூடிக்கொள்ளும்.

தெரியாதவர்களிடம் போகும்போது

வீட்டு முகங்கள் முடிந்ததும் தெருவுக்கு வாருங்கள். ஆனால் தெருத்தெருவாக அலைந்து கண்ணில் பட்டவரையெல்லாம் எடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு தொழிலைத் தேர்ந்தெடுங்கள், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். எனக்கு அது சுவாமிமலைச் சிற்பக்கூடங்களாக அமைந்தது. அங்கே சிலையை முதலில் மெழுகில் செய்வார்கள். அதன் மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, பிறகு சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறிவிடும். உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஊற்றுகிற வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முதல் தடவை போகும்போது கேமராவைப் பையிலேயே வையுங்கள். பெரியவரிடம் பேசுங்கள். “ஐயா, வேலை நடக்கும்போது ஒரு ஓரமாக நின்று படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேளுங்கள். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று அவரே காட்டுவார். அது உங்கள் பத்திரத்துக்கு மட்டுமல்ல. கொப்பரையைத் தூக்கி வருகிறவர்களின் பாதையில் யாரும் நிற்கக் கூடாது, அவர்களுக்கு நின்று யோசிக்க நேரம் இல்லை. கொட்டகைக்குள் இருட்டு. உலோகம் மட்டும் கண்ணைக் கூசும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கேமராவின் கணக்கை நம்பினால் ஒன்று உலோகம் வெள்ளைக் குழம்பாகும், இல்லையென்றால் ஆட்கள் கறுப்புப் பொம்மையாவார்கள். ஊற்றுவதற்கு முன்பே, உலையின் ஒளி முகத்தில் விழும்போது அதை அளந்து எண்களை நிறுத்திக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஓ 3200, எஃப் 2.8, 1/125 என்று தொடங்கிப் பார்க்கலாம். ஃபிளாஷ் கூடவே கூடாது. வேலை செய்கிறவர் கண்ணில் அது அடித்தால் ஆபத்து. படத்துக்கும் அது கேடு, நெருப்பின் நிறமே போய்விடும். உலோகத்தைப் பார்க்காமல், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகங்களைப் பாருங்கள். ஊற்றி முடித்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விடுவார்கள். பாஸ்போர்ட் படத்தில் நீங்கள் கற்ற அதே நொடி.

அடுத்த தடவை போகும்போது பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். 4-க்கு 6 அளவுக்கு ஆகும் செலவு ஒரு டீக்காசு. வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் கையில் கொடுப்பதும் ஒன்றல்ல. கையில் கொடுத்த படம் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் செருகப்படும், அடுத்த முறை உங்களுக்கு நாற்காலி கிடைக்கும்.

சட்டதிட்டங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் இடங்களில் முக்காலி வைக்க முன்அனுமதி வேண்டும். குழந்தைகளை எடுப்பதாக இருந்தால் பெற்றவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஜூம் போட்டுத் தூரத்திலிருந்து எடுப்பது திருட்டு.

கல்யாண வேலை

சம்பாதிக்க வேண்டும் என்றால் நம் ஊரில் கல்யாணத்தைத் தவிர்க்க முடியாது. நேராகக் கேமராவோடு இறங்காதீர்கள். அனுபவமுள்ள ஒருவரிடம் லைட் பிடிக்கும் ஆளாகச் சேருங்கள். லைட் பிடிக்கிறவனுக்கு முகத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அதைவிட நல்ல படிப்பு எந்தக் கல்லூரியிலும் கிடையாது. பேட்டரிகளை முதல் நாள் இரவே சார்ஜ் போடுவது, நிரம்பிய கார்டைத் தனி உறையில் தலைகீழாக வைப்பது, யார் பெரியப்பா யார் சித்தப்பா என்று விடிவதற்குள் தெரிந்துகொள்வது எல்லாம் இந்தக் காலத்தில்தான் படியும்.

தாலி கட்டும் நேரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு மறுபடியும் ஒரு வாய்ப்புக் கிடையாது. மேடையில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். நீங்கள் புரோகிதரின் கையைப் பாருங்கள். அவர் நாதஸ்வரக்காரரை நோக்கி விரலை உயர்த்துவார், அல்லது “கெட்டிமேளம்” என்று குரல் கொடுப்பார். அடுத்த சில வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். தவில் முழங்கத் தொடங்கிய பிறகு இடம் தேடினால் உங்களுக்கு முன்னால் பத்துப் போன்கள் நீண்டிருக்கும். ஆகவே அரை மணிக்கு முன்பே இடம்பிடித்து, உறவினர்களிடம் கெஞ்சியோ சிரித்தோ ஒரு சின்ன இடைவெளியை வாங்கி வையுங்கள். நேர் எதிரே நின்றால் மாப்பிள்ளையின் கை பெண்ணின் முகத்தை மறைக்கும், பெண் இருக்கும் பக்கமாக ஓரடி நகர்ந்து நில்லுங்கள். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது பல குடும்பங்களில் வழக்கம். பின்னால் இருந்து வரும் அந்தக் கைக்கும் படத்தில் இடம் விடுங்கள். அட்சதை ஃபோகஸைத் திருடாமல் இருக்க, பெண்ணின் கண்ணில் முன்கூட்டியே ஃபோகஸை நிறுத்திவிடுங்கள். முதன்மைக் கேமரா தாலியைப் பார்த்துக்கொள்ளும். உதவியாளாக இருக்கும் நீங்கள் அந்த நொடியில் பெண்ணின் அப்பாவைப் பாருங்கள். ஆல்பத்தில் எல்லோரும் நின்று பார்க்கும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

தேவாலயத்திலும் நிக்காஹ்விலும் ஒழுங்கு வேறு. எங்கே நிற்கலாம், எப்போது ஃபிளாஷ் அடிக்கலாம் என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இராது. கடனைக் கணக்கு பார்த்துக் கவலைப்பட்டு உட்கார்ந்திருக்காமல், அந்த இரண்டு மாதத்தையும் உங்கள் சொந்தப் படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரை முழுக்க முகங்கள். மார்கழி விடியலில் பனிமூட்டத்தோடு கோலம் போடுகிறவர்கள். கொஞ்சம் பயணம் செய்ய முடிந்தால் வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள். பறவை எடுக்க வேண்டும் என்று தொடக்கத்தில் ஆசைப்பட்டவர்கள் இப்போது போகலாம்.

எடுத்த பிறகு

அன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், ஒன்று வீட்டைவிட்டு வேறு இடத்தில் இருக்கட்டும். கார்டை அழிப்பது அதன் பிறகுதான். தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வாரமாவது காத்திருங்கள். எடுத்த களைப்பு நினைவில் இருக்கும்போது, கஷ்டப்பட்டு எடுத்த படமெல்லாம் நல்ல படமாகத் தெரியும். நூறில் ஐந்தை எடுத்துச் சின்ன பிரிண்டாகப் போட்டு, தரையில் பரப்பி, நடந்துபோகும்போதெல்லாம் பாருங்கள். சலிக்கிற படத்தை எடுத்துவிடுங்கள்.

மற்றவர்கள் எடுத்ததையும் பாருங்கள், தினமும் போனில் ஓடுகிறவற்றைச் சொல்லவில்லை. ஆங்கிலேய ராணுவ அதிகாரியும் புகைப்படக்காரருமான லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியிருக்கும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டினார், நீளம் சுமார் 19 அடி. அவருடைய படங்களின் வானத்தில் இருக்கும் மேகங்கள் சில அவரே நெகட்டிவில் தீட்டியவை என்பதைத் தெரிந்துகொண்டால் திருத்துவது புதுப் பழக்கம் இல்லை என்பது புரியும். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்த பிரெஞ்சுக்காரர் ஹென்ரி கார்த்தியே பிரெஸோன், வாழ்நாளில் பெரும்பாலும் பயன்படுத்தியது ஒரு 50 மி.மீ. லென்ஸ்தான். நம் காலத்தில் மதுரையின் பழனிகுமாரைப் பாருங்கள். மீன் விற்கும் அம்மாவின் மகன், கடன் வாங்கிக் கேமரா வாங்கியவர். கழிவுநீர்த் தொட்டிகளில் இறந்த துப்புரவுத் தொழிலாளர்களின் குடும்பங்களையும் உப்பளத் தொழிலாளர்களையும் எடுத்தவர், தன் அம்மாவையும் மீன் சந்தையில் எடுத்தார். நான் முதலில் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கிறது.

காசு

முதல் வேலை உறவுக்காரர் வீட்டில்தான் வரும், “நம்ம பையன்தானே” என்றுதான் வரும். சலுகை கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள், ஆனால் முழுத் தொகையை எழுதி, குறைத்ததையும் எழுதி, மிச்சத்தைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த உறவுக்காரர் குறைந்த தொகையையே உங்கள் விலை என்று நினைத்துக்கொள்வார். எந்தெந்த நிகழ்ச்சி, எத்தனை மணி நேரம், திருத்திய படங்கள் எத்தனை, ஆல்பத்தில் எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்காமல் தேதி ஒதுக்காதீர்கள். மீதிப் பணம் படங்களைக் கொடுக்கும்போது வர வேண்டும், ஆல்பம் கொடுக்கும்போது என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கக் குடும்பங்கள் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். இரு வீட்டாரும் உட்கார்ந்து முடிவு செய்வதற்குள் சில சமயம் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவே வந்துவிடும். அதற்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அந்த முன்பணம் வாங்கும்போது பழைய பாக்கியையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.